எட்டு மாத உப்புசத்துக்குக் காரம்தான் காரணமா?

கேள்வி: எனக்கு வயது 52. சர்க்கரைக்கும் மூட்டுவலிக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். எட்டு மாதங்களாகச் சாப்பிட்டவுடன் வயிறு உப்பி, ஏப்பம் வருகிறது. சில நாள் காலையில் இரண்டு மூன்று முறை வயிறு இளகிப் போகிறது. மருந்துக் கடையில் வாங்கும் கேஸ் மாத்திரையில் சற்றுத் தணிகிறது. நம் செட்டிநாட்டுச் சமையலின் காரமே காரணம் என்கிறார்கள் வீட்டில். உண்மையா?
- வாசகி, தேவகோட்டை

பதில்: காரம் இருக்கிற எரிச்சலைக் கூட்டும், ஆனால் எட்டு மாதத் தொல்லை முழுவதையும் மிளகாயின் தலையில் கட்டிவிட முடியாது. வயிற்றுப் புண்ணுக்குக் காரமும் கவலையுமே காரணம் என்று மருத்துவர்களும் ஒரு காலத்தில் நம்பியவர்கள்தாம். ஆஸ்திரேலியாவின் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1982-ல் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமியைப் பிரித்தெடுத்துக் காட்டிய பிறகே அந்த எண்ணம் மாறத் தொடங்கியது. அதற்காக 2005-ல் அவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

தங்கள் விஷயத்தில் சமையலறையைவிட மாத்திரை டப்பாவையே முதலில் பார்க்கத் தோன்றுகிறது. சர்க்கரைக்குப் பலரும் சாப்பிடும் மெட்ஃபார்மின், உப்புசத்தையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கக்கூடியது. சாப்பாட்டுடன் எடுத்துக்கொள்வதும், மெதுவாகக் கரையும் வகைக்கு மாறுவதும் பலருக்கு உதவுகின்றன. மூட்டுவலி மாத்திரைகளில் பல, இரைப்பையின் உட்பூச்சைக் காக்கும் சுரப்பைக் குறைத்துப் புண்ணை ஏற்படுத்துகின்றன. எதையும் தாங்களாக நிறுத்த வேண்டாம். எல்லா அட்டைகளையும் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

உணவிலும் சந்தேகப்பட வேண்டியது மிளகாயைக் காட்டிலும் சின்ன வெங்காயம், பூண்டு, மொச்சை, பால் ஆகியவற்றைத்தான். இவற்றிலுள்ள சில சர்க்கரைகள் செரிக்காமல் பெருங்குடலை அடைந்து, அங்கே நுண்ணுயிர்களால் நொதித்து வாயுவாகின்றன. இரண்டு வாரம் ஒவ்வொன்றாகக் குறைத்துப் பார்த்தால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். தைராய்டு கோளாறு, பித்தப்பைக் கல், குடல் எரிச்சல் நோய் ஆகியவையும் கணக்கில் உண்டு.

ஆனால் ஐம்பதைக் கடந்த பெண்ணுக்குப் புதிதாகத் தோன்றி விலகாமல் இருக்கும் உப்புசத்தை வாயு என்று ஒதுக்குவது சரியன்று. அரிதாகச் சினைப்பைப் புற்றுநோயும் இப்படித் தொடங்குவதால், வயிற்று ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் அவசியம். எடை குறைதல், விழுங்குவதில் சிரமம், இரத்தசோகை, மலத்தில் இரத்தம் அல்லது தார் போன்ற கறுப்பு (இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும்) ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே குடல்நோய் மருத்துவரைப் பாருங்கள், எண்டோஸ்கோபி தேவைப்படலாம்.

முதலில் சொன்ன ஹெலிகோபாக்டர் கிருமிக்கான மூச்சுப் பரிசோதனைக்கு முன், அமிலச் சுரப்பைக் குறைக்கும் பான்டோபிரசோல் போன்ற மாத்திரைகளை இரண்டு வாரம் நிறுத்த வேண்டியிருக்கும். இல்லையேல் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். ஆகவே கடையில் வாங்கும் கேஸ் மாத்திரையைப் பற்றியும் மறைக்காமல் சொல்லுங்கள்.