நீண்ட தூரம் குறி சுட எந்த பைபாட் வாங்கலாம்?

100 மீட்டரிலும் அதற்கு மேலும் படுத்துச் சுட எந்த பைபாட் (துப்பாக்கியின் முன்பக்கத்தைத் தாங்கும் இரட்டைக்கால்) நல்லது, எவ்வளவு செலவழிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அது இருக்கட்டும், பின்னால் தோள்கட்டைக்கு அடியில் என்ன வைக்கப் போகிறீர்கள்?

நானும் முதலில் முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன்தான். விலை மலிவாக ஒரு பைபாட் வாங்கி, ஆடுகிற மூட்டைத் திருகித் திருகியே பல மாதம் போனது. பிறகு ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முன் தாங்கலுக்கும் பின் தாங்கலுக்கும் நடுவே 70 செ.மீ. என்று வைத்தால், தோள்கட்டை 1 மி.மீ. உயர்ந்தாலே 50 மீட்டரில் குண்டு 7 செ.மீ. கீழே போகும், 100 மீட்டரில் 14 செ.மீ. சர்வதேசப் போட்டிகளின் 50 மீட்டர் ரைஃபிள் குறியில் பத்துப் புள்ளி வட்டமே 10.4 மி.மீ.தான்! ஒரு மூச்சு இழுத்தால் தோள் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள்.

அதனால் முதலில் பின்பைதான், அதாவது தோள்கட்டைக்கு அடியில் வைக்கிற சின்னப் பை. பழைய ஜீன்ஸ் காலை வெட்டி, பாளை மார்க்கெட் பக்கம் ஒரு டெய்லரிடம் இரட்டைத் தையல் போட்டு வாங்கினேன். முதலில் அரிசி நிரப்பினேன், எடை போதவில்லை, அப்புறம் வண்டு வேறு வந்தது. ஆற்று மணல் ஈரம் குடித்துக் கட்டியானது. கடைசியில் சாத்தான்குளம் பக்கம் அத்தை தோட்டத்துத் தேரிச் செம்மணலைச் சலித்துக் காயவைத்துப் போட்டேன், பொடியாக இருப்பதால் கட்டைக்கு ஏற்றபடி படிந்துகொள்கிறது. முட்ட முட்ட நிரப்பாதீர்கள். இடது கையால் பையைப் பிசைந்தால் தோள்கட்டை உயர்ந்து குறி இறங்கும், விட்டால் ஏறும், அதற்குக் கொஞ்சம் தளர்வு வேண்டும்.

முன்னால் பைபாடோ மணல் மூட்டையோ, எதுவானாலும் துப்பாக்கியின் முன்கட்டைக்கு அடியில்தான் இருக்க வேண்டும், பேரலுக்கு (குழலுக்கு) அடியில் அல்ல. என்.சி.சி.யில் எங்கள் சீனியர் அண்ணன், "பேரல மூட்டையில வைக்காதலே" என்று கத்திக்கொண்டே இருப்பார், ஏன் என்று அப்போது புரியவில்லை. சுடும்போது பேரல் அதிரும், அது எதிலாவது முட்டினால் குண்டு விழும் இடமே மாறிவிடும். சிமென்ட் தரையில் பைபாட் துள்ளும், கீழே ஒரு கோணிச்சாக்கை மடித்துப் போட்டு, தோளால் லேசாக முன்னே தள்ளிப் பிடியுங்கள், ஒவ்வொரு தடவையும் அதே அளவு.

ஸ்பிரிங் ஏர்கன் என்றால் இதெல்லாம் தலைகீழ். பெல்லட் வெளியே வருவதற்குள்ளேயே துப்பாக்கி உதறத் தொடங்கிவிடும், அதனால் பைபாட் வேண்டாம், மூட்டை மேல் உள்ளங்கையை விரித்து அதில் சும்மா கிடக்க விடுங்கள். போட்டிக்குத் தயாராகிறீர்கள் என்றால் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள், 50 மீட்டர் புரோனில் (படுத்துச் சுடும் போட்டி) மூட்டை, பைபாட் எதுவும் கூடாது, கையில் மாட்டும் ஸ்லிங் (வார்) மட்டும்தான்.

காற்றுக்கு எந்தத் தாங்கலும் உதவாது. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று இறங்கும்போது நான் 100 மீட்டர் பக்கமே போவதில்லை, 25 மீட்டரில் படுத்துப் பையைப் பிசைந்துகொண்டிருப்பேன்.