பிளான்ட்டை விட்டு வரச் சொல்லாதீர்கள்

ஐயா, உங்கள் கடிதத்தில் கேள்வி என்று எதுவும் இல்லை. முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது, நான் தலையாட்ட வேண்டும், அவ்வளவுதான். இன்ஸ்ட்ருமென்டேஷன் (ஆலையின் அளவீட்டு, கட்டுப்பாட்டுக் கருவிகள் பற்றிய படிப்பு) படித்துவிட்டுத் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கும் மகள் வேலையை விட வேண்டும். பெயர் பெற்ற வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இணையவழியில் சைபர் செக்யூரிட்டி, அதாவது கணினிப் பாதுகாப்பில், எம்.எஸ். முதுகலை சேர வேண்டும். கட்டணத்துக்கு வீட்டை வைத்துக் கடன் வாங்க வேண்டும். இதெல்லாம் ஐ.டி.யில் பெரிய பொறுப்பில் இருக்கும் மைத்துனர் மகனின் யோசனை. "இன்னும் ஒயரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளே" என்று சொந்தக்காரர்கள் கேட்பது உங்களுக்கு வலிக்கிறது. புரிகிறது.

ஆனால் கடிதத்தின் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "அவளுக்கு பிளான்ட்டை விட்டு வர மனசில்லை, அதுதான் பிரச்சினை." அதை நான் பிரச்சினையாகப் பார்க்கவில்லை. அவளிடம் இருக்கும் மூலதனமே அதுதான்.

முதலில் அந்தப் பட்டம். சைபர் செக்யூரிட்டி வேலைக்கு முதுகலைப் பட்டம் கட்டாயம் இல்லை. மருத்துவத்தைப் போலப் பட்டம் இருந்தால்தான் கதவு திறக்கும் துறை இல்லை இது. இந்தத் துறையில் மதிப்புள்ள சான்றிதழ்களில் ஒன்று சி.ஐ.எஸ்.எஸ்.பி. அதை முழுமையாகப் பெற ஐந்து ஆண்டு வேலை அனுபவம் கேட்கிறார்கள். பட்டம் வைத்திருந்தால் எவ்வளவு கழித்துக்கொள்வார்கள் தெரியுமா? ஓர் ஆண்டு. மீதி நான்கு ஆண்டுகளையும் வேலை பார்த்துத்தான் காட்ட வேண்டும். அனுபவத்துக்கு இவ்வளவு எடை போடும் துறைக்குள் நுழைவதற்காகக் கையில் இருக்கும் வேலையை விடச் சொல்கிறீர்கள்.

அப்புறம், உங்களுக்கு அடிக்கடி போன் செய்து "இடம் நிரம்பிக்கொண்டிருக்கிறது" என்று சொல்பவர் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்தானா என்று கேட்டுப் பாருங்கள். பல பல்கலைக்கழகங்கள் இணையவழிப் படிப்புக்கு ஆள் சேர்க்கும் வேலையை வெளி நிறுவனங்களிடம் விட்டிருக்கின்றன. சில ஒப்பந்தங்களில் கட்டணத்திலேயே அந்த நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. இணையவகுப்பறையில் இடம் நிரம்புவது பற்றி நான் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

ஹேக்கிங் கற்றுக்கொள்வது, கண்காணிப்பு மையத்தில் இரவுப் பணி பார்ப்பது போன்ற வழிகளை மைத்துனர் மகன் சொல்லியிருப்பார். அவற்றை விட்டுவிடுகிறேன். அவர் சொல்லாத ஒன்று இருக்கிறது. அலுவலகக் கணினிகளை மட்டுமே பார்த்துப் பழகியவர்களுக்கு அது பெரும்பாலும் கண்ணில் படாது. தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு அமைப்புகளின் பாதுகாப்பு அது. துறைக்குள் ஓ.டி. செக்யூரிட்டி என்பார்கள்.

உங்கள் மகள் தினமும் தொடும் பி.எல்.சி. (இயந்திரங்களை இயக்கும் சின்னக் கணினி), ஸ்காடா (ஆலை முழுவதையும் திரையில் கண்காணித்து இயக்கும் மென்பொருள்), அழுத்தமானி, வால்வு எல்லாம் இன்று நெட்வொர்க்கில் இருக்கின்றன. அவை பேசிக்கொள்ளும் மொழிகளில் ஒன்று மோட்பஸ், 1979-இல் உருவானது. "யார் நீ?" என்று கேட்கும் பழக்கமே அதற்கு இல்லை. சரியான வடிவத்தில் கட்டளை வந்தால் போதும், வால்வு திறக்கும். அந்த நெட்வொர்க்குக்குள் எவனாவது நுழைந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வரலாறே இருக்கிறது. 2010-இல் வெளியே தெரியவந்த ஸ்டக்ஸ்நெட் என்ற தீய மென்பொருள், ஈரானின் நதான்ஸில் யுரேனியம் செறிவூட்டும் இயந்திரங்களின் வேகத்தை மாற்றிப் பழுதாக்கியது. அந்த நேரத்தில் கட்டுப்பாட்டு அறைக்குப் போன அளவுகளோ எல்லாம் இயல்பாக இருப்பதாகவே பொய்யாகக் காட்டின. 2015 டிசம்பரில் உக்ரைனில் மூன்று மின் விநியோக நிறுவனங்களின் கட்டுப்பாட்டு அமைப்புக்குள் புகுந்து, தொலைவிலிருந்தே பிரேக்கர்களை, அதாவது மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சுகளை, திறந்தார்கள். சுமார் 2,25,000 இணைப்புகளில் மின்சாரம் போனது. ஊழியர்கள் துணைமின் நிலையங்களுக்கு நேரில் போய்க் கையால் இயக்கித்தான் மின்சாரத்தை மீட்டார்கள். 2017-இல் வெளிப்பட்ட ட்ரைட்டன் என்ற தீய மென்பொருள் இன்னும் மோசம். சவுதி அரேபியாவில் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையில், விபத்து நேராமல் ஆலையை நிறுத்தும் பாதுகாப்புக் கருவியையே குறிவைத்தது.

இவற்றைத் தடுக்க யார் வேண்டும்? அலுவலக நெட்வொர்க்கில் தேர்ந்த ஒருவர் ஆலைக்குள் வந்தால் முதல் நாளே தடுமாறுவார். கணினியில் ஓட்டை இருந்தால் பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்த மென்பொருள்) போட்டு ரீஸ்டார்ட் செய்வது அவர் பழக்கம். ஓடிக்கொண்டிருக்கும் பாய்லரின் கட்டுப்பாட்டுக் கருவியை அப்படி நினைத்த நேரத்தில் ரீஸ்டார்ட் செய்ய முடியாது. பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் அடுத்த ஷட்டவுன் வரை காத்திருக்க வேண்டும். நெட்வொர்க்கில் என்னென்ன இருக்கின்றன என்று கேள்வி அனுப்பித் துழாவும் ஸ்கேன் அவருக்குச் சாதாரண வேலை. பழைய பி.எல்.சி. சில, அந்த ஸ்கேன் பட்டாலே நின்றுவிடும். அலுவலகத்தில் ரகசியம் காப்பது முதல் கவலை. ஆலையில் ஆள் உயிரும், உற்பத்தி நிற்காமல் இருப்பதும்தான் முதலில். இந்த வித்தியாசம் உங்கள் மகளுக்கு உடம்பிலேயே ஊறியிருக்கிறது. அவளுக்குத் தெரியாதது நெட்வொர்க்கும் தாக்குதல் முறைகளும். அவற்றைக் கற்றுக்கொள்ளலாம். ஆலையில் நின்ற நேரத்தை எந்த எம்.எஸ். வீடியோவும் கொடுக்காது.

கற்பது எப்படி? வீட்டில் இருந்தே, கிட்டத்தட்டச் செலவில்லாமல். ஓப்பன் பி.எல்.சி. என்ற இலவச மென்பொருளைச் சாதாரணக் கணினியிலோ ராஸ்ப்பெரி பை போன்ற சின்னப் பலகையிலோ ஓட்டலாம். பி.எல்.சி.க்கு நிரல் எழுதும் லேடர் லாஜிக் அவளுக்குத் தெரியும், ஒரு தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தைப் பார்த்து பம்பை நிறுத்தும் நிரலை அதில் எழுதட்டும். பிறகு நெட்வொர்க்கில் போகும் செய்திகளைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைத் திறந்து, மோட்பஸ் செய்திகள் எந்தப் பூட்டும் இல்லாமல் போவதைத் தன் கண்ணால் பார்க்கட்டும். அடுத்து, இன்னொரு கணினியிலிருந்து பொய்க் கட்டளை அனுப்பித் தொட்டியை வழிய வைக்கட்டும். அதன்பிறகு ஃபயர்வால் (வேண்டாத செய்திகளைத் தடுக்கும் நெட்வொர்க் காவல்) வைத்து அதைத் தடுக்கட்டும். தாக்கியதையும் தடுத்ததையும் படத்தோடு எழுதி வைத்தால், நேர்காணலில் மேசைமேல் வைக்க அதுவே போதும். ஒரே ஒரு நிபந்தனை: இது எல்லாம் வீட்டில், சொந்தக் கருவியில். வேலை பார்க்கும் ஆலையில் அனுமதி இல்லாமல் ஒரு ஸ்கேன்கூடச் செய்யக்கூடாது.

படிக்க வேண்டியவையும் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு முகமையான சிசா கட்டுப்பாட்டு அமைப்புப் பாதுகாப்புப் பாடங்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. மைட்டர் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 2020-இல் வெளியிட்ட அட்டாக் ஃபார் ஐ.சி.எஸ். தொகுப்பு, தாக்குபவர்கள் ஆலைகளில் என்னென்ன செய்கிறார்கள் என்று வகைப்படுத்திக் கொடுக்கிறது, அதுவும் இலவசம். ஐ.இ.சி. 62443 என்ற தர வரிசையின் அடிப்படை அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆலையைப் பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கும் பகுதிக்கும் இடையே போகிற ஒவ்வொரு இணைப்புக்கும் காவல் வைக்கும் முறையைச் சொல்வது அது. அவள் நிறுவனத்திலேயே இதற்கு ஒரு குழு இருக்கலாம், அல்லது இனிமேல் ஒன்று தேவைப்படலாம். ஆலையில் என்னென்ன கருவிகள் நெட்வொர்க்கில் இருக்கின்றன என்ற பட்டியலைத் தயாரித்துத் தருகிறேன் என்று மேலாளரிடம் அவளே கேட்கட்டும். பல ஆலைகளில் அந்தப் பட்டியலே முழுமையாக இருப்பதில்லை. அதைச் செய்து கொடுப்பவள் அந்தக் குழுவுக்குள் பாதி நுழைந்துவிட்டாள்.

இனி பணம். இதில் வளைந்து கொடுக்க மாட்டேன். இந்தப் படிப்புக்காக வீட்டை அடமானம் வைக்காதீர்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம் 2019 ஜனவரியில் இணையவழி சைபர் செக்யூரிட்டி முதுகலையைத் தொடங்கியபோது, முழுப் படிப்புக்கும் 10,000 டாலருக்குக் கீழேதான் ஆகும் என்று அறிவித்தது. பெயர் பெற்ற பல்கலைக்கழகம்தான் அதுவும். வேலையில் இருப்பவர்கள் பகுதி நேரமாகப் படிக்கவே அமைத்தது. உங்களிடம் கேட்கிற தொகையை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பல மடங்கு அதிகம் என்றால், எதற்காக என்று அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள். நேரடி ஆய்வகம் உண்டா, எத்தனை மணி நேரம், பாடம் நடத்துபவர் யார், இடையில் நின்றால் எவ்வளவு திரும்ப வரும்? மழுப்பலாகப் பதில் வந்தால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

முதுகலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆராய்ச்சிக்கோ கற்பிக்கவோ போக அவள் விரும்பினால் வேண்டும். நிறுவனமே கட்டணம் கட்ட முன்வந்தால் தாராளமாகப் படிக்கலாம். அப்போதும் பொதுவான பாடத்திட்டத்தில் சேர வேண்டாம். ஜார்ஜியா டெக்கின் அதே படிப்பில் மின்சாரக் கட்டமைப்பு, தொழிற்கட்டுப்பாடு சார்ந்த தனிப் பிரிவு ஒன்று இருக்கிறது. அந்த மாதிரிப் பிரிவாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும். வேலையில் இருந்துகொண்டே, ஒரு பருவத்துக்கு ஒரு பாடம் வீதம். மைத்துனர் கேட்டால் படிக்கிறாள் என்று சொல்லிக்கொள்ளுங்கள், அது உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் விண்ணப்பத்தை நிரப்புவது நீங்களோ அவர் மகனோ இல்லை, அவள்தான். இப்போது நிரப்பி வைத்திருப்பதற்கு முன்பணம் இன்னும் கட்டவில்லை என்றால், கட்டாதீர்கள்.