வாத்துப் படம் ஒரிஜினலா?

கேள்வி: தாத்தா வீட்டுப் பரணில் கண்ணாடி போட்ட காட்டுவாத்துப் படம் கிடைத்தது. கீழே ஆங்கிலத்தில் பெயர் அச்சிட்டிருக்கிறது. சாமநத்தம் கண்மாயில் பார்க்கிற புள்ளிமூக்கு வாத்துதான். ஆனால் மஞ்சளாக இருக்கவேண்டிய மூக்குநுனி ஆரஞ்சாக இருக்கிறது. ஒரு புரோக்கர், "நூறு வருஷத்துக்கு முந்தி கையால் வரைந்தது, வெளிநாட்டில் லட்சத்துக்குப் போகும், சான்றிதழுக்கு எட்டாயிரம் கட்டுங்கள்" என்கிறார். கட்டலாமா? (வாசகர், மேலூர்)

பதில்: கட்டாதீர்கள். பெயர் அச்சாகியிருந்தால், பெரும்பாலும் அது பழைய புத்தகத்திலிருந்து பிரித்த பக்கம்.

நிறம் தப்பாக இருப்பதால் போலி என்று ஆகிவிடாது. காங்கிரஸைத் தொடங்கிய அதே ஹியூம், மார்ஷல் என்பவருடன் சேர்ந்து 1879-81இல் கல்கத்தாவில் வேட்டைப் பறவைகள் பற்றி மூன்று தொகுதிகள் வெளியிட்டார். சில படங்கள் திருப்தியில்லை என்று அவரே அதில் புலம்பியிருக்கிறார்.

நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கும் பத்து மடங்கு லென்ஸை வாங்கி, இறக்கையிலுள்ள பச்சைப் பட்டையைப் பாருங்கள். பல நிறப் புள்ளிகள் ஒழுங்காகப் பூப்பூவாகத் தெரிந்தால் காலண்டர் ரகம். மணல் தூவியதுபோல் ஒழுங்கில்லாமல் இருந்தால் பழைய கல்லச்சு. நிறத்துக்கு ஒரு கல் வைத்து அடித்தது.

இன்னொரு வகை இருக்கிறது, இதில்தான் ஏமாறுகிறார்கள். கோடு மட்டும் அச்சு. வண்ணத்தை ஆட்களை உட்காரவைத்துப் பிரதி பிரதியாகத் தூரிகையால் ஏற்றியிருப்பார்கள். வண்ணம் கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும், காய்ந்த ஓரம் கருத்திருக்கும். "பாருங்கள், தூரிகை!" என்பார் புரோக்கர். தூரிகைதான், ஆனால் ஓவியம் இல்லை. அதே வாத்து நூற்றுக்கணக்கில் இருக்கும். அதற்காக வெறும் அச்சு என்று தள்ளிவிடவும் கூடாது, விலை உண்டு.

வெளிநாட்டுக் கதைக்கு வருவோம். நூறு வருஷம் தாண்டிய கலைப்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டம் இடம் தரவில்லை. அவர் சொல்கிற வயது உண்மையென்றால் அனுப்ப முடியாது. அனுப்ப முடியுமென்றால் அந்த வயது இல்லை. இதை விசாரிக்க ஒரு அலுவலகத்தில் மூன்று நாள் மேஜை மேஜையாக அலைந்தேன். "சிலைன்னா சொல்லுங்க சார், பேப்பருக்கு ஃபாரம் இல்லை" என்றார்கள். புரோக்கர் பிழைப்பதே இந்தச் சந்தில்தான்.

அப்புறம், பழுப்புப் புள்ளிகளை பிளீச்சில் எடுக்கிறேன், லேமினேஷன் போடுகிறேன் என்று ஃபிரேம் கடைக்காரர் சொன்னால் படத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.