54 ஆயிரம் ஓட்டு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கொலம்பியா பற்றிய கட்டுரையில், 2016 பொதுவாக்கெடுப்பில், அரசு ஃபார்க் என்ற கெரில்லா இயக்கத்துடன் செய்த அமைதி ஒப்பந்தம் 'வேண்டாம்' என்று வந்த முடிவை முறையான தீர்ப்பு என்றே எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒப்பவில்லை. ஓட்டுப் போட்டவர்கள் 38 சதவீதம்கூட இல்லை. வித்தியாசம் 54 ஆயிரத்துக்கும் குறைவு. கரீபியக் கரையில் அன்று மேத்யூ புயலின் மழை வேறு. போரில் சாவைப் பார்த்த போஹயா மக்களில் 96 சதவீதம் பேர் 'சரி' என்றார்கள். இதையா மக்கள் தீர்ப்பு என்பது? அதிபர் சாந்தோஸ் பிறகு நாடாளுமன்றம் வழியாக ஒப்பந்தத்தை நிறைவேற்றியதுதானே நியாயம்?

எஸ்.ஆர்., மதுரை

அன்புள்ள எஸ்.ஆர்.,

அதே 54 ஆயிரத்தில் 'சரி' ஜெயித்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருப்பீர்களா? ஐம்பதாண்டுப் போர் முடிந்தது என்று இருவருமே கொண்டாடியிருப்போம்.

ஓட்டுப்பதிவு குறைவு என்கிறீர்கள். அந்த விதியை வகுத்ததே சாந்தோஸ் தரப்புதான். பழைய சட்டப்படி வாக்காளர்களில் பாதிக்கு மேல் வந்தால்தான் இத்தகைய வாக்கெடுப்பு செல்லும். அப்படியே விட்டால் எதிர்த்தரப்பு வீட்டில் இருந்தபடியே ஒப்பந்தத்தைக் கவிழ்த்துவிடும் என்று பயந்தார்கள். பயம் நியாயமானதுதான்; 2014 அதிபர் தேர்தலின் முதல் சுற்றுக்கே 40 சதவீத அளவில்தான் வந்தார்கள். ஆகவே மொத்த வாக்காளரில் 13 சதவீதம், ஏறக்குறைய 45 லட்சம் பேர், 'சரி' என்று சொல்லி, அது 'வேண்டாம்' என்பதை மிஞ்சினால் போதும் என்று மாற்றினார்கள். அரசியல் சாசன நீதிமன்றமும் அதை ஏற்றது. 'சரி' 63 லட்சத்தைத் தாண்டியது. 'வேண்டாம்' 64 லட்சத்தைத் தாண்டிவிட்டது. குறைந்த பதிவிலும் ஜெயிக்க வழிசெய்து வைத்துவிட்டு, தோற்றதும் பதிவு குறைவு என்றால் எப்படி? (சாந்தோஸ் அப்படிச் சொல்லவில்லை. அன்றிரவே முடிவை ஏற்றுக்கொண்டார்.)

போஹயாவின் 96 என்னையும் உலுக்கிய எண். 2002இல் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்தவர்கள் மேல் ஃபார்க் கெரில்லாக்களின் சிலிண்டர் குண்டு விழுந்த ஊர் அது. ஆனால் அடிபட்டவர் ஓட்டுக்குக் கூடுதல் எடை என்றால், அடிபட்டும் 'வேண்டாம்' என்றவர்களை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்?

என் குறை வேறு இடத்தில். இந்த வாக்கெடுப்பைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. சாந்தோஸ் தானே விரும்பி நடத்தினார். 297 பக்க ஒப்பந்தத்துக்கு ஒரே கேள்வி. கெரில்லாக்கள் சிறைக்குப் போகாமல் நாடாளுமன்றம் போவதா என்று கொதித்தவரும், பாலினம் பற்றிய பகுதிகள் பிடிக்காத தேவாலயத்தினரும், சாந்தோஸையே பிடிக்காதவரும் ஒரே கட்டத்தில் குறியிட்டார்கள். அந்த 'வேண்டாம்' செல்லும். ஆனால் அடுத்து என்ன செய்வது என்பதை அது சொல்லவில்லை.

அதனால் முன்னாள் அதிபர் உரிபே உள்ளிட்ட எதிர்ப்பாளர்களை அழைத்துப் பேசியது சரி. நிறைய மாற்றினார்கள், ஃபார்க் தன் சொத்துகளைக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது அதில் ஒன்று. சிறையும் அரசியல் தடையும் மட்டும் வரவில்லை. நவம்பர் 24 அன்று புதிய ஒப்பந்தம் கையெழுத்தாகி, ஒரே வாரத்தில் இரு அவைகளிலும் ஒரு எதிர்ப்பு ஓட்டுகூட இல்லாமல் நிறைவேறியது. உரிபே கட்சி வெளிநடப்புச் செய்துவிட்டது!

சண்டை நிறுத்தம் எப்போது முறியுமோ என்றிருந்த நிலையில் அந்த அவசரம் எனக்குப் புரிகிறது. சட்டப்படி குற்றமும் இல்லை. ஆனால் மக்களிடம் ஒருமுறை கேட்டுவிட்டு, மறுமுறை கேட்காமல் விட்டார்கள். 2018இல் உரிபே கட்சியின் இவான் துக்கே, ஒப்பந்தத்தைத் திருத்துவேன் என்று சொல்லியே அதிபரானார். மறுவாக்கெடுப்பு நடந்து 'சரி' ஜெயித்திருந்தால் அந்தப் பேச்சு அவ்வளவு எடுபட்டிருக்காது என்று நினைக்கிறேன். மறுபடியும் தோற்றிருக்கவும் கூடும், மறுக்கவில்லை.