பழைய சர்வர்ல ராக்கி லினக்ஸ் 10 ஏறுமா?

சிங்கப்பூர் உபில சின்ன ஆபீஸ் நடத்துற ஒரு தம்பி கேட்டிருக்காரு: "அண்ணே, செகண்ட்ஹேண்ட் டெல் ஆர்720 ஒண்ணு வருது, ஸியான் இ5-2650 வி2 ரெண்டு, டிஸ்க்குகள இணைக்கிற பெர்க் எச்310 ரெய்டு கார்டு. ராக்கி லினக்ஸ் 10 போடணும். விக்கிறவரு லினக்ஸ் நல்லா ஓடும்ங்கறாரு, வாங்கலாமா?"

ராக்கி 10 தான் வேணும்னா வாங்காதீங்க தம்பி. அவரு சொல்றது பொய் இல்ல, ஆனா எந்த லினக்ஸ், எந்த வெர்ஷன்னு கேக்கணும். ராக்கிக்கு மூலமான ரெட் ஹாட் லினக்ஸ் 10லேர்ந்து சிபியு எக்ஸ்86-64-வி3ங்கற வசதி லெவல்ல இருந்தாதான் ஏத்துக்கும், அதுக்கு ஏவிஎக்ஸ்2ங்கற சிபியு கட்டளைத் தொகுப்பு வேணும், இன்டெல்ல அது 2013ல ஹாஸ்வெல் தலைமுறை சிபியுவோட தான் வந்துச்சு, உங்களோடது அதுக்கு முந்தின ஐவி பிரிட்ஜ். ராக்கியும் அதே வழில தான் போகுது. ஸியான் பேர்ல இருக்க வி2, வி3 வேற, இந்த லெவல் வேற, ஆனா இ5ல வி3ன்னு போட்டிருந்தா அது ஹாஸ்வெல்தான், அதனால ஆர்730 கெடச்சா இந்தப் பிரச்சனை இல்ல.

எச்310 இன்னொரு தலைவலி. அதோட பிசிஐ ஐடி, அதாவது கார்டோட அடையாள எண், 1000:0073; ரெட் ஹாட் 8லயே, கார்ட இயக்குற டிரைவர்லேர்ந்து அத எடுத்துட்டாங்க. 8, 9 போட்டா இன்ஸ்டாலர் அழகா வரும், டிஸ்க் மட்டும் ஒண்ணு கூட காட்டாது, நம்மாளுங்க ஹார்ட்டிஸ்க் போச்சுன்னு நெனச்சு புதுசு வாங்கிப் போட்டு இன்னும் காச விடுவாங்க, மனசு கஷ்டமா இருக்கும்.

சர்வர் மாடல் பேர மட்டும் ரெட் ஹாட் சர்டிஃபைட் லிஸ்ட்ல தேடினா பத்தாது, பழைய சர்வர்ல கார்ட மாத்தியிருப்பாங்க. பென்டிரைவ எடுத்துட்டு நேர்ல போங்க, இன்ஸ்டால் பண்ணாம ஓடுற ஏதாவது ஒரு லைவ் லினக்ஸ்ல பூட் பண்ணி, கார்டுகள பட்டியல் போடுற எல்எஸ்பிசிஐ கமாண்ட மைனஸ் என்என்கே போட்டு ஓட்டுங்க, ரெய்டு கார்டு, நெட்வொர்க் கார்டு ரெண்டோட ஐடியையும் எழுதிக்குங்க. அப்புறம் நீங்க போடப்போற அதே வெர்ஷனோட இன்ஸ்டாலர்ல பூட் பண்ணி டிஸ்க் தெரியுதான்னு பாத்தே ஆகணும். இத யாரும் செய்யறதில்ல. உபுண்டு லைவ்ல டிஸ்க் தெரிஞ்சுச்சுன்னு வெள்ளிய எண்ணிக் குடுத்துட்டு வந்துடாதீங்க, உபுண்டு கெர்னல்ல (லினக்ஸோட மையப் பகுதி) இருக்க டிரைவர் நீங்க போடுற வெர்ஷன்ல இல்லாம போகலாம்.

இந்த மெஷின் தான் பட்ஜெட்டுக்கு வருதுன்னா டெபியன் 12 போடுங்க, சிபியு, கார்டு ரெண்டுக்கும் பிரச்சனை இல்ல. ரெட் ஹாட் குடும்பமே வேணும்னா ராக்கி மாதிரியே இன்னொண்ணான ஆல்மா லினக்ஸ் 10ல எக்ஸ்86-64-வி2 லெவல் சிபியுக்குன்னு தனி பில்ட் இருக்கு, ரெட் ஹாட் எடுத்த பழைய கார்டு டிரைவர் பலதையும் ஆல்மா 9.4லேர்ந்து திரும்ப சேத்துட்டாங்க. ஆனா வெளில கம்பெனிங்க ரெட் ஹாட் 10க்குன்னு தர்ற பேக்கேஜ் வி3க்கு பில்ட் பண்ணதா இருந்தா இதுல ஓடாது, உங்க அக்கவுண்ட்ஸ் சாஃப்ட்வேர் அந்த மாதிரியான்னு முதல்ல வெண்டர்கிட்ட கேட்டுடுங்க.