பூசணம் பிடித்த ரெக்கார்டுகள்

அன்புள்ள ஐயா,

தேவிபட்டினத்தில் எங்கள் பழைய வீட்டைக் காலி செய்தபோது பரணில் ஒரு தகரப்பெட்டி கிடைத்தது. உள்ளே 37 கிராமபோன் ரெக்கார்டுகள். பாடகர்கள் கிட்டப்பா, அரியக்குடி பெயர்கள் தெரிகின்றன. இரண்டு தட்டில் ராமநாதபுரம் சீனிவாச அய்யங்கார். எல்லாவற்றிலும் வெள்ளையாகப் பூசணம். ஸ்பிரிட்டால் துடைத்தால் போய்விடும் என்கிறார்கள். பெரியப்பா வீட்டில் சாவி கொடுக்கும் கிராமபோன் இருக்கிறது. அதில் போட்டுக் கேட்கலாமா?

வாசகர், தேவிபட்டினம்

அன்புள்ள நண்பருக்கு,

ஸ்பிரிட் வேண்டவே வேண்டாம். இவை அரக்கில் கல்தூள் கலந்து அழுத்திய தட்டுகள். தச்சர்கள் பாலிஷுக்கு அரக்கைக் கரைப்பதே ஸ்பிரிட்டில்தான். துடைத்தால் பூசணத்தோடு பாட்டும் துணியில் வந்துவிடும்.

போர் தண்ணீரும் ஆகாது. உங்கள் பக்கத்து உப்பு, காய்ந்தபின் பாட்டுப் பதிந்த தடத்துக்குள் மணலாக நிற்கும். பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் 5 லிட்டர் வாங்குங்கள். லிட்டருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் நாலே சொட்டு. முதலில் மூக்கில் துணி கட்டிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்து, காய்ந்த பூசணத்தை மெல்லிய பிரஷ்ஷால் தள்ளிவிடுங்கள். பிறகு ஈரப் பிரஷ். அது தடத்தின் வட்டத்தோடுதான் போக வேண்டும், குறுக்கே இழுக்கக் கூடாது. நடு லேபிள் நனையாமல் ஒரு பிளாஸ்டிக் மூடியைக் கவிழ்த்து அழுத்திக்கொள்ளுங்கள். ஊறப்போடாதீர்கள். விரிசல் விட்ட தட்டை நனைக்கவே வேண்டாம், விரிசல் வழியே நீர் உள்ளே இறங்கும். வெறும் டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு முறை அலசி, பருத்தித் துணியால் ஒற்றி, நிழலில் நிறுத்தி உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் அப்பளமாக வளையும்.

சாவி கிராமபோன் பார்க்க அழகுதான். ஆனால் அதன் ஊசி 100 கிராமுக்கு மேல் தடத்தை அழுத்துகிறது. எஃகு ஊசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்ற வேண்டும், யாரும் மாற்றுவதில்லை. மழுங்கிய ஊசி ஓடிய இடம் கறுப்பு மினுமினுப்பு போய்ச் சாம்பல் பூத்துக் கிடக்கும். பெரியப்பாவுக்கு ஆசையென்றால் வேறேதாவது தேய்ந்த தட்டைப் போட்டுக் காட்டுங்கள். உங்கள் தட்டுகளுக்கு 78 வேகமுள்ள (நிமிடத்துக்கு 78 சுற்று) மின்சார டர்ன்டேபிளும் 3 மில் (மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஸ்டைலஸும், அதாவது ஊசியும், வேண்டும். ஊசி அழுத்தும் எடை 4 கிராம் போதும். எல்பிக்கான (பிற்கால வினைல் தட்டுக்கான) ஊசி ஒரு மில்லுக்கும் குறைவு. அகன்ற தடத்தின் அடியில் இறங்கி அழுக்கை உரசும்.

வேகத்தைச் சோதிக்க, 77 கோடு போட்ட ஸ்ட்ரோப் அட்டையை (வேகம் பார்க்கும் வட்ட அட்டை) டர்ன்டேபிளில் சுழலவிட்டு, சோக் உள்ள பழைய டியூப்லைட்டில் பாருங்கள். கோடுகள் நின்றாற்போல் தெரிந்தால் 78 சரி. எல்இடி வெளிச்சத்தை நம்ப முடியாது.

ராமநாதபுரம் சீனிவாச அய்யங்கார், அதாவது பூச்சி அய்யங்கார், தட்டுக்கு மட்டும் இந்தக் கணக்கு போதாது. சமஸ்தான வித்வான், அரியக்குடியின் குரு. (குருவும் சீடரும் ஒரே தகரப்பெட்டியில்!) அவர் மறைந்தது 1919, மைக் வைத்துப் பதிவு செய்வது வந்தது 1925இல். அவர் குரல் கூம்புக் குழாயில் பாடிப் பதிவானது. மிருதங்கம் எங்கோ தூரத்தில் கேட்கும், பாஸ் (கனத்த ஒலி) குமிழைத் திருகிப் பயனில்லை. அந்தக் காலத் தட்டுகள் துல்லியமாக 78இல் ஓடியவையும் அல்ல. வேகம் 6 சதவீதம் கூடினால் நாலரைக் கட்டைச் சுருதிக் குரல் ஐந்து கட்டையாகிவிடும். 78இல் குரல் கீச்சென்றும் பிருகா (வேகமான ஸ்வரக் கோவை) அவசரமாகவும் கேட்டால் சிறிது சிறிதாகக் குறைத்துப் பாருங்கள்.

கம்ப்யூட்டரில் ஏற்றும்போது 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ (இரு சேனல்) என்று வையுங்கள். தட்டு மோனோதான் (ஒரே சேனல்), ஆனாலும் தடத்தின் இரு சுவரில் ஒன்று குறைவாகத் தேய்ந்திருக்கும், அதைப் பிறகு தேர்ந்துகொள்ளலாம். மூன்றரை நிமிடத்துக்கு ஏறக்குறைய 120 எம்பி ஆகும். அந்த மூலக்கோப்பைத் தொடாதீர்கள். இரைச்சல் நீக்கும் மென்பொருளை நகலில் ஓட்டுங்கள், அதுவும் கொஞ்சமாக. கொரகொரப்பை முழுக்க வழித்தால் கமகத்தின் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவதன்) நுனியும் போய்விடும்.

பழைய காகித உறைகள்தான் பூசணத்தின் வீடு. அவற்றில் விற்ற கடையின் பெயர் அச்சாகியிருக்கலாம். படம் எடுத்துவிட்டு வேறு பெட்டியில் போடுங்கள். தட்டுகளைப் புது உறையில், சாயாமல் நேராக நிறுத்தி, கடற்காற்று வராத உள்ளறையில் வையுங்கள். ஐப்பசி மழைக்கு முன் இவ்வளவும் முடியாவிட்டால், உலர்பிரஷ் வேலையையும் உறை மாற்றுவதையும் மட்டும் முடித்துக்கொண்டு, கழுவுவதைத் தை மாதத்துக்குத் தள்ளிவிடுங்கள்.