போக்கரில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை: எப்படி எடுத்துக்கொள்வது?

நாகர்கோவிலிலிருந்து அவ்வப்போது கோவா போய் போக்கர் ஆடுகிறீர்கள். போட்டதும் எடுத்ததும் சரியாகிவிடுகிறது, அது மனதை அரிக்கிறது என்கிறீர்கள்.

போட்டதைத் திரும்ப எடுப்பதே லேசுப்பட்ட காரியம் இல்லை. நடுவில் சேரும் பணத்தில் கேசினோ தன் பங்கை உருவிவிடும். 5 சதவீதம் என்று வைத்தால், 2,000 ரூபாயில் 100 போயிற்று. அதற்குப் பிறகும் கணக்கு நேராகிறதென்றால், எதிரே உட்கார்ந்தவர்களை நீங்கள் ஜெயிக்கிறீர்கள். அந்த லாபம் கேசினோவுக்குப் போகிறது, அவ்வளவுதான்.

அப்புறம், நேரடி மேசையில் மணிக்கு 30 கை (சீட்டுப் போட்டு ஆடி முடிக்கும் ஒரு சுற்று) வந்தாலே அதிகம். 10,000 கை ஆட 300 மணி நேரத்துக்கு மேல் ஆகும். திறமையை எடைபோட அதுவும் போதாது. அதற்குள் சீட்டு வந்த வாக்கில் கணக்கு எப்படியும் சாயும்.

சரி, காந்திதாம் எக்ஸ்பிரஸில் மட்காவ் போய்வரும் டிக்கெட், ரூம் வாடகை இதெல்லாம் அந்தக் கணக்கில் இருக்கிறதா? (பலர் சேர்ப்பதே இல்லை.) இல்லையென்றால் நீங்கள் நஷ்டத்தில்தான் இருக்கிறீர்கள். அதை டூர் செலவாக எழுதிக்கொண்டால் மனம் ஆறும். வருமானமாக நம்பினால் ஆறாது.

ஆன்லைனில் ஆடி ஈடுகட்டலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025-ல் வந்த மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது.